வீட்டுத் திண்ணையில் குடவோலை

(பெற்றோரும் ஆசிரியரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எவ்வாறு கைவேலையும் குமுகவியலும் கற்பிக்கலாம் என்பதுபற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். குமுகவியல் என்று நான் சொல்வது, பள்ளியில் சமூக அறிவியல் என்னும் பெயரால் நடக்கும் பாடத்தைத்தான். நூறு செய்திகளைத் தொட்டுச் செல்வதினும் ஒன்றைப் பற்றிக்கொள்வது நன்று என்பது என் பட்டறிவு. ஆகலின் ஒரு குடம், சிறிது பனையோலை, ஓர் ஊசி, விளக்குக் கரி ஆகிய இவற்றைக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அதற்குமுன் என் குறையொன்றைச் சொல்லிவிட வேண்டும். முப்பது ஆண்டுகளாகப் பள்ளியில் தமிழ் கற்பித்து வருகிறேன். ஆள் குறைந்த ஆண்டுகளில் வரலாறும் கற்பித்திருக்கிறேன். சோழர் பாடம் வரும்போதெல்லாம் குடவோலை முறையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் படியெடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை பின்னிருக்கையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, ஓலை என்பது கூரைமேல் வேய்வதுதானே? அதில் எப்படி எழுத முடியும்? கிழிந்துபோகாதா?” என்று கேட்டான். மணி அடிக்க இரண்டு நொடி இருந்தது. “தேர்வுக்கு அது வாராது, உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த ஆண்டு தேர்வில் குடவோலைபற்றிய வினாவுக்கு அவ்வகுப்பில் பெரும்பாலோர் முழு மதிப்பெண் வாங்கினார்கள். அவர்களில் ஒருவரேனும் ஓலையைக் கையால் தொட்டவரில்லை. எழுதிக் காட்டிய நானும் அதுவரை ஓர் ஓலையில் ஓரெழுத்தும் எழுதிப் பார்த்தவனல்லன். இதைச் சொல்ல எனக்கு நாணமாகத்தான் இருக்கிறது.

கடந்த கோடையில் என் மகளின் பிள்ளைகள் இருவர் நகரத்திலிருந்து வந்திருந்தார்கள். பெயரனுக்கு அகவை 12, பெயர்த்திக்கு 9. இருவரும் ஆங்கில வழியில் பயில்கிறவர்கள். தமிழ் பேசுவார்கள், ஆனால் பொருள்களின் பெயர் வரும் இடத்தில் நாக்கு வேறு பக்கம் திரும்பிவிடும். தெருப்பிள்ளைகள் நால்வர் சேர்ந்துகொள்ள, திண்ணையில் ஆறு பேர். இரண்டு நாள் கைபேசியைப் பார்த்துச் சலித்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலை, “வாருங்கள், ஓலையில் எழுதிப் பார்ப்போம்” என்றேன். அந்தப் பின்னிருக்கை மாணவனுக்கு நான் தராத விடையை இவர்களோடு சேர்ந்து தேடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரையில் பனைகள் நிற்கின்றன. மரமேறுகிற பெரியவர் ஒருவர் இளவோலை சில கழித்துத் தந்தார். அவர் மேலிருந்து போடப் போட, கீழே நின்றிருந்த என் தாயார் ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். குருத்து, மட்டை, கருக்கு, பன்னாடை, பாளை, ஈர்க்கு, காவோலை. அவர்க்கு அகவை 78, பள்ளிக்குச் சென்றவரல்லர். கருக்கு என்பது மட்டையின் இருபுறமும் உள்ள வாள்பல் போன்ற விளிம்பு என்பதைப் பெயரன் விரலைக் கீறிக்கொண்டு கற்றுக்கொண்டான். அச்சொல் அவனுக்கு இனி மறக்காது. புதுச்சொல் படைப்பதில் நாம் காட்டும் ஆர்வத்தில் பாதியை, தாயார் வாயில் இருக்கும் இத்தகைய சொற்களை வாங்கிக்கொள்வதில் காட்டினோமா என்று அப்பொழுது எண்ணினேன். கைவேலை நின்றால் அதன் சொற்கள் அகரமுதலிக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன.

ஓலையைப் பதப்படுத்தும் வகையைக் கேளுங்கள், வீட்டில் செய்யக்கூடியதுதான். ஈர்க்கை நீக்கிவிட்டு, இருவிரல் அகலத்தில், ஒரு சாணுக்குச் சற்றே மிகும் நீளத்தில் நறுக்கிக்கொள்ள வேண்டும். மஞ்சள் கலந்த நீரில் அரைமணி நேரம் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, சுருளாமல் இருக்க அம்மிக்கல்லின் கீழ் இரண்டு நாள் வைக்க வேண்டும். பின் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால் எழுதத்தக்க ஏடாகும். அகன்ற, மெல்லிய ஏடுகளுக்குக் கூந்தற்பனையோலையைப் பயன்படுத்தினர் முன்னோர். நமக்குக் கிடைப்பது பனையோலை, அதுவே போதும். எழுத்தாணிக்குக் கோணியூசியை மூங்கில் துண்டில் செருகிக் கட்டிக் கொடுத்தேன். சிறியவர்கள் கையில் ஊசியை வெறுமனே தரவேண்டா.

எழுத்தாணியால் கீறியவுடன் ஓலையில் ஒன்றும் தெரியாது. “எழுதவே இல்லையே!” என்றாள் பெயர்த்தி. விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவித் துணியால் துடைத்ததும் எழுத்து கறுப்பாக எழுந்து நின்றது. அப்பொழுது அவர்கள் போட்ட கூச்சலில் அண்டை வீட்டார் எட்டிப் பார்த்தனர்.

இனி அந்த மாணவனின் வினா: “கிழிந்துபோகாதா?” கிழியத்தான் செய்தது. ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடுகிறது. அதன் வழியே நேர்க்கோடு அழுத்தி இழுத்தால் பிளக்கிறது. புள்ளி வைத்தால் ஓட்டை விழுகிறது. மூன்று ஓலை கிழிந்தபின், “தாத்தா, புள்ளியை விட்டுவிடலாமா?” என்று பெயரன் கேட்டான். ஏடெழுதியவர்களும் அதைத்தான் செய்தார்கள் என்றேன். பழஞ்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இராது. மெய்யும் உயிர்மெய்யும் இடம் நோக்கியே அறியப்பட்டன. எகர ஒகரக் குறில்களுக்கும் அன்று புள்ளியே அடையாளம். அஃது இல்லாதபோது குறிலும் நெடிலும் ஒன்றுபோல் நின்றன. அவற்றை வேறுபடுத்த இன்று நாம் எழுதும் வடிவத்தை வழக்கிற்குக் கொண்டுவந்தவர் 1747-இல் மறைந்த வீரமாமுனிவர். ஒரு சுவடியைப் படித்து அச்சேற்றுவது எத்துணைக் கடும்பணி என்பதை, தன் கையாலேயே புள்ளியில்லாமல் எழுதி, மறுநாள் தன் எழுத்தையே படிக்க முடியாமல் விழித்த பிள்ளை அறிந்துகொள்கிறது. 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சில் கொணர்ந்த உ.வே. சாமிநாதையர் செய்தது என்ன என்று அதன்பின் விளக்கினேன். முன்னரே சொல்லியிருந்தால் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

அடுத்துக் குடம். ஏரிமண் பிசைந்து நாங்களே செய்ய முயன்றோம். மணல் சேர்க்கவில்லை, வெயிலில் காயவைத்தோம், மாலைக்குள் பிளந்துவிட்டது. பிறகு குயவர் வீட்டுக்கு நடந்தோம். பானையின் கழுத்தும் தோளும் சக்கரத்தில் உருவாக, அடி திறந்தே இருப்பதையும், அது சற்று இறுகியபின் உள்ளே உருண்டைக் கல்லை அணைத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவதையும் பிள்ளைகள் அன்றுதான் கண்டார்கள். நானும் அன்றுதான் கண்டேன். ஒரு குடமும் ஒரு சிறு கலயமும் வாங்கி வந்தோம்.

இப்பொழுது ஓலையும் குடமும் இருக்கின்றன. தேர்தலை நடத்த வேண்டும்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டினது, மற்றொன்று 921-ஆம் ஆண்டினது. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வட்டம் போன்ற ஊர்ப்பிரிவு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் தாங்கிய வாயோலை சேர்த்துக் கட்டி, கட்டுகளைக் குடத்தில் இடுவர். சிறியவர் முதல் பெரியவர் வரை அவையில் கூடியிருப்பர். ஒரு முதியவர் குடத்தை எல்லாருங் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளிருப்பது இன்னதென அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதனை அவிழ்த்து வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கி, அச்சிறுவனே ஓரோலை எடுத்து நடுவர் கையில் கொடுப்பான். நடுவர் அதனை ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று கல்வெட்டு சொல்கிறது. ஏன் விரல்களை விரிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். உடனே விடை வந்தது: “கைக்குள் வேறோலை ஒளித்து வைத்திருப்பார்!” ஏமாற்று வழிகளைப் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. படித்தபின் அங்கிருக்கும் கோயில் நம்பிமார் அனைவரும் அவ்வோலையை வாங்கிப் படிப்பர். இவ்வாறு எடுத்த 30 பெயர்களில் 12 பேர் ஆட்டை வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் செல்வர். பணிக்காலம் 360 நாள். குற்றம் செய்தாரை இடையிலேயே நீக்கலாம்.

வீட்டிலுள்ள அனைவர் பெயரையும் ஓலையில் எழுதினோம். நான், மனைவி, தாயார், பிள்ளைகள் அறுவர். மொத்தம் ஒன்பது ஓலை. குடத்திலிடும் முன் தகுதியைச் சரிபார்க்க வேண்டுமன்றோ? கல்வெட்டின் நெறிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அகவை 35-க்கு மேல், 70-க்குக் கீழ். ஆறு பிள்ளைகளின் ஓலையும் வெளியே வந்தன. தாயார் ஓலையும் வந்தது. எஞ்சியவை என்னுடையதும் மனைவியுடையதும். அவை ஆடவர் அவை. மனைவி ஓலை வெளியே. “கால் வேலி நிலம், அதற்கு வரி கட்டுபவராய் இருத்தல் வேண்டும்” என்றேன். வேலி என்பது 20 மா. கால் வேலி 5 மா. என்னிடம் ஒரு குழி நிலமும் இல்லை. தன் மனையில் தானே கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது அடுத்தது. நாங்கள் இருப்பது வாடகை வீடு. என் ஓலையையும் பெயர்த்தி எடுத்துக் கீழே வைத்தாள். குடம் வெறுங்குடமாயிற்று. அனைவரும் சிரித்தோம். என் மனைவி, “உங்கள் சோழன் ஆட்சியில் நம் வீட்டுக்கு இடமே இல்லை போலும்” என்றார்.

சிரிப்பு அடங்கியபின் பெயர்த்தி கேட்டாள்: “அந்தக் குடத்தைச் செய்தவர் பெயர் குடத்துக்குள் போனதா தாத்தா? ஓலை வெட்டிக் கொடுத்தவர் பெயர்?”

இந்த வினாவை முப்பது ஆண்டில் எந்த மாணவனும் என்னிடம் கேட்டதில்லை. குயவரையும் மரமேறியையும் நேரில் கண்டு வந்த பிள்ளைக்குத்தான் அது தோன்றும். போகவில்லை என்று சொன்னேன். அவ்வூர் பார்ப்பனர்க்குக் கொடையாக அளிக்கப்பெற்ற சதுர்வேதிமங்கலம். மறையோதும் பயிற்சியும் தகுதிகளுள் ஒன்றாக இருந்தது. உழுதவரும் வனைந்தவரும் ஏறியவரும் அவ்வவையில் இடம்பெறவில்லை, பெண்டிரும் இடம்பெறவில்லை. இதை மறைத்து, ‘ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் குடியாட்சி’ என்று மேடையில் முழங்கிக் கைதட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். அம்முழக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது. கணக்குக் காட்டாதவன் மீண்டும் பதவிக்கு வரக்கூடாது, மூன்றாண்டுக்குள் பதவி வகித்தவன் உடனே திரும்பி வரக்கூடாது, எல்லார் கண்முன்னும் எடுக்க வேண்டும் என்பனவெல்லாம் இன்றும் வியக்கத்தக்கவை. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கமோ அதனினும் பழையது; அகநானூற்றின் 77-ஆம் பாட்டில் அஃது உவமையாகவே வருகிறது. ஆனால் மற்றப் பாதியையும் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால், நாளை வேறொருவர் அதைச் சொல்லும்போது நாம் சொன்ன நல்லனவற்றையும் அப்பிள்ளை நம்பாது.

அன்று மாலை காலக்கயிறு ஒன்று கட்டினோம். தூணுக்குத் தூண் சணற்கயிறு. நூறாண்டுக்கு ஒரு சாண். உத்திரமேரூர்க் கல்வெட்டுக்காக 921 என்று எழுதிய ஓலையை ஒரு முனையில் கட்டினோம். “பெண்கள் பெயர் எப்பொழுது உள்ளே வந்தது?” என்றாள் பெயர்த்தி. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1921-இல். அதுவும் உடைமையுள்ளவர்களுக்கு மட்டும். அவளே சாணால் அளந்தாள். சரியாகப் பத்துச் சாண்! நானே எதிர்பாராத ஒற்றுமை அது. அதிலிருந்து கால் சாணுக்குச் சற்று மிகுதியில், அகவை வந்த அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல், 1951-52. வாக்களிக்கும் அகவை 21-இலிருந்து 18 ஆகக் குறைந்தது 1989-இல். தமிழ்நாட்டு உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கென்று 2016-இல் சட்டமானது. பத்துச் சாண் கயிற்றில் ஒன்றும் கட்டாமல் வெறுமையாகக் கிடக்க, கடைசி ஒரு சாணுக்குள் நான்கு ஓலைகள் நெருங்கித் தொங்கின. பெயர்த்தி அந்த வெறுங்கயிற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விளக்கம் ஏதும் சொல்லவில்லை.

மறுநாள் பிள்ளைகளே புது நெறி வகுத்தார்கள். நிலமும் மனையும் வேண்டா. ஆண் பெண் என்பது வேண்டா. அகவை ஆறு நிரம்பினால் போதும். நீர் வாரியம், அடுக்களை வாரியம், கணக்கு வாரியம் என்று மூன்று அமைத்தார்கள். பணிக்காலம் ஏழு நாள். ஓலையை எடுக்க, படிக்கத் தெரியாத மூன்று அகவைக் குழந்தை ஒன்றை எதிர்வீட்டிலிருந்து தூக்கி வந்தார்கள். அது முதலில் ஓலையை வாயில் வைத்துக்கொண்டது. இத்தகைய இடையூறு குறித்துக் கல்வெட்டில் ஒன்றுமில்லை. அடுக்களை வாரியத்துக்கு என் பெயர் வந்தது. ஏழு நாளும் காய் நறுக்கினேன்.

கணக்கு வாரியத்தில் சிக்கல் வந்தது. தின்பண்டத்துக்கும் கயிற்றுக்குமாக நான் கொடுத்த 200 உருவாவில் 30 உருவாவுக்குப் பெயரனிடம் கணக்கில்லை. கல்வெட்டின்படி கணக்குக் காட்டாதவன் மட்டுமல்லன், அவன் நெருங்கிய உறவினரும் குடத்துக்கு வெளியே. இதை நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பெயர்த்தி அழுதுவிட்டாள். “அண்ணன் தின்றதற்கு நான் ஏன் வெளியே போக வேண்டும்?” தெருப்பிள்ளைகளில் மூத்தவள், “உன்னை விட்டால் நீ உள்ளே வந்து அவன் கணக்கை மறைத்துவிடுவாய், அதற்குத்தான் அந்த நெறி” என்றாள். “நானா மறைப்பேன்? அவன் ஐந்து பொரியுருண்டை தின்றான் என்று சொன்னதே நான்தான்!” என்று இவள் கத்தினாள். ஒரு மணி நேரம் வழக்கு நடந்தது. இறுதியில், உறவினரை நீக்க வேண்டா, ஆனால் உறவினர் கணக்கை உறவினர் சரிபார்க்கக் கூடாது என்று தீர்மானித்து அதையும் ஓர் ஓலையில் கீறிக் கட்டினார்கள். ‘உறவினர்’ என்ற சொல்லில் வல்லின றகரமா இடையின ரகரமா என்பதற்கும் சிறிது பூசல் நடந்தது. என் வகுப்பறையில் இலக்கணம் இவ்வளவு சூடாக நடந்ததில்லை.

ஞாயிறன்று உத்திரமேரூருக்கே அழைத்துச் சென்றேன். கல்லில் உள்ள எழுத்தைப் பிள்ளைகளால் படிக்க முடியவில்லை. எனக்கும் சில எழுத்துகளே பிடிபட்டன. அங்கே கரியோ சுண்ணமோ தடவக் கூடாது என்று முன்னரே சொல்லியிருந்தேன். கல்வெட்டுத் துறையார் ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுக்கும் முறையை, வீட்டில் காசின்மேல் தாள் வைத்துக் கரிக்கோலால் தேய்த்து முன்பே காட்டியிருந்தேன். பெயரன் சுவரருகே நின்று, “இதில் புள்ளி இல்லை தாத்தா, நான் எழுதியதுபோலவே இருக்கிறது” என்றான்.

இதற்கெல்லாம் நேரம் ஏது, மதிப்பெண் வருமா என்று நீங்கள் கேட்கக்கூடும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் நான் செலவிடவில்லை. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் அதுவும் கடினம் என்பதை அறிவேன். அங்கே தாத்தா பாட்டியரைத் துணைக்கொள்ளுங்கள். அவர்களும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளை நம் திண்ணைக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண் வருமா என்பதற்கு நான் உறுதி தரமாட்டேன். ஓலைப் பைகளும் வண்ணத்தாள் பொம்மைகளும் செய்யச் சொல்லிக் கடையில் வாங்கி ஒப்படைக்கும் வீட்டுப்பாடத்தை நான் கைவேலை என்று சொல்லவில்லை. அதனைப் பெரும்பாலும் தாய்மார்களே இரவில் விழித்திருந்து செய்கிறார்கள் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த திங்கள் யார் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டுவது என்பதை முடிவு செய்ய வேண்டும். அந்தக் குடத்தை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். வாயிலில் நுழையும்போதே உங்கள் பெயரை ஓலையில் எழுதி வாங்கிக்கொண்டோம். வாடகை வீடா சொந்த வீடா என்று யாரையும் கேட்கவில்லை. முன்வரிசையில் தாயார் மடியில் இருக்கும் குழந்தையை இங்கே தூக்கி வாருங்கள். ஓலையை வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிப் படிப்பவர் ஐந்து விரலையும் விரித்துக்கொள்க.